பந்தக்கால் குழியும் பதினெட்டு லோடு மண்ணும்

கும்மிடிப்பூண்டி,
ஆவணி 2

அன்பும் அதைவிட அதிகமாகப் பொறுமையும் கொண்ட மைத்துனர் மோகன்ராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்கா வீட்டுக்காரன் மணவாளன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அக்கா ஜோதிலட்சுமியும் கல்யாணப்பெண் சந்திரகலாவும் சௌக்கியம். வாசலில் இருக்கும் குழியும் சௌக்கியமாக வளர்ந்து வருகிறது. கடம்பத்தூர்ப் பக்கம் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் மீன்குட்டையும் நலமாக இருக்க எல்லையம்மனை வேண்டிக்கொள்கிறேன். போனில் மூன்று முறை இதைச் சொல்ல ஆரம்பித்தேன், மூன்று முறையும் சிரித்துவிட்டு வைத்துவிட்டீர்கள். அதனால்தான் ரிஜிஸ்டர் தபால்.

பன்னிரண்டாம் தேதி கல்யாணம், ஏழாம் தேதி நம் வாசலில் பந்தக்கால், தாய்மாமனாகிய உங்கள் கைதான் முதலில் படவேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. முப்பத்திரண்டு வருடம் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான், எதையும் முன்கூட்டிப் பார்த்துவிடுவேன். அன்றைக்கு ஐயர் வந்து, சுமங்கலிகள் நின்று, கடப்பாரை இறங்கவில்லை என்றால் அசிங்கம் இல்லையா? ஆடியிலேயே ஒருநாள் காலையில் வாசலில் ஒரு குழியைத் தோண்டிப் பார்த்தேன். “பந்தக்காலுக்கு யாருனா ஒத்திகை பாப்பாங்களா? ஊர்ல எவனும் பண்ணாததை நீ பண்ணிக்கினு கிற,” என்று உங்கள் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதமே இல்லை. ஒரு அடி தோண்டியதும் ஓட்டாஞ்சில்லு ஒன்று வந்தது, உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு, கழுவினால் பளபளவென்று இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். படம் எடுத்து நகர் நலச்சங்க வாட்ஸப்பில் போட்டேன். சங்கச் செயலாளர் பச்சையப்பன் அதை ஏரிக்கரையில் தொல்லியல் துறைக்காக அகழாய்வு செய்துகொண்டிருந்த ஸ்நேகா என்ற பெண்ணுக்கு அனுப்பிவிட்டார். மத்தியானச் சோறு இறங்குவதற்குள் ஜீப் வந்து, வாசலில் நான்கு முளை அடித்து, நூல் கட்டி, கடப்பாரையை என் கையிலிருந்து மரியாதையாக வாங்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். இனி அந்த வாசலில் அவர்களைத் தவிர யாரும் தோண்டக் கூடாதாம்.

ஸ்நேகா நல்ல பெண், கெட்டிக்காரி, டீ கொடுத்தால் டம்ளரைக் கழுவி வைக்கிறது. உடைந்த பானை ஓட்டை வைத்து எப்படி வயசு சொல்வாய் என்று கேட்டேன். காசு என்றால் நூறு வருடம் கை மாறுமாம், தங்கம் என்றால் பேத்தி வரைக்கும் போகுமாம், பானை உடைந்தால் உடைந்த இடத்திலேயே கிடக்குமாம், ஒவ்வொரு காலத்துக்கும் வாய் விளிம்பும் சூளை நிறமும் வேறு வேறாம், மண்ணில் கீழே போகப்போகப் பழசாம். நம் வீட்டு எவர்சில்வரில் பெயரும் தேதியும் வெட்டியிருப்பது போல அந்தக் காலத்தில் வெட்டாமல் போனதால் இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு வேலை. என் வாசல் ஓட்டுக்கு இரண்டாயிரம் வயதுக்கு மேல் என்று சொன்னது. எனக்குக் கால் தரையில் படவில்லை. பச்சையப்பன் சால்வை போர்த்தினார். சம்பந்தியோ, காட்டுப்பள்ளி துறைமுகத்தில் தன்னோடு வேலை பார்க்கிறவர்களிடமெல்லாம் இரண்டாயிரம் வருடப் பழைய மண்ணிலிருந்து பெண் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

மூன்றாம் நாள் இரண்டரை அடியில் ஷாம்பு பாக்கெட் வந்தது. தயாரித்த மாதம், வருடம் எல்லாம் தெளிவாக அச்சடித்திருந்தது, எட்டு வருடம் முந்தையது. மேலே இரண்டாயிரம், கீழே எட்டு! ஸ்நேகா குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டது. “சார், நெஜமா சொல்லுங்க, இந்த மண்ணு எங்கேர்ந்து வந்துச்சி?” என்று கேட்டது. மச்சான், அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனை பள்ளமாக இருக்கிறது என்று ஆறு வருடத்துக்கு முன்னால், நீங்கள் மீன்குட்டை வெட்டிய மண்ணைப் பதினெட்டு டிப்பர் இனாமாகக் கொட்டி மேடாக்கினோமே, அந்த மண்! சால்வை தோளில் இருக்கும்போது அதை எப்படிச் சொல்வேன்? “சொந்த மண்ணும்மா” என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ராப்பகலாக நோட்டைப் புரட்டிக்கொண்டு சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கே பாவமாகிவிட்டது.

நாள் நெருங்க நெருங்கப் பேஜாராகி நேற்று உண்மையைச் சொன்னேன். நம்பவில்லை. கல்யாணத்துக்காகக் குழியை மூடப் பொய் சொல்கிறேன் என்கிறது! பொய்யைச் சொன்னபோது நம்பிய பெண் இது. ஆகவே மச்சான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். குட்டை வெட்டியபோது டிப்பர் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டு எடுத்த போட்டோவோடு உடனே கிளம்பி வந்து, மண் உங்களுடையதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். குழியை மூடிவிடுவார்கள், பந்தக்கால் நட்டுவிடலாம். உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது, உங்கள் அக்கா மேல் சத்தியம். அப்படியும் நடக்காவிட்டால் தாய்மாமன் வீடு ஒன்றும் அந்நியம் இல்லையே, உங்கள் குட்டைக்கரையிலேயே பந்தலைப் போட்டுவிடுவோம்.

தங்கச்சிக்கு என் விசாரிப்பு, பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். மீன்களுக்கும்தான்.

இப்படிக்கு,
கடப்பாரை இழந்த
மணவாளன்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஸ்நேகா கூப்பிட்டது. ஷாம்பு பாக்கெட்டுக்குக் கீழே மண் நிறம் மாறி, களிமண் வந்திருக்கிறது. மேலே கொட்டியது வேறு மண் என்று நான் சொன்னதை இப்போது நம்பிவிட்டது, நீங்கள் சாட்சிக்கு வர வேண்டாம். ஆனால் அந்தக் களிமண்ணில், நம் மனையின் சொந்த மண்ணில், உங்கள் குட்டை மண்ணில் வந்த ஓட்டைவிடப் பழைய ஓடுகள் கிடைத்திருக்கின்றன. குழி இன்னும் பெரிதாகும். உங்கள் விலாசத்தை வாங்கிக்கொண்டார்கள், வியாழக்கிழமை ஜீப் குட்டைக்கு வரும். கடிதம் அதற்கு முன்னால் வந்து சேர்ந்தால், கரையில் யாரும் மண்வெட்டி வைக்க வேண்டாம். அங்கே பந்தல் போடலாம் என்று மேலே எழுதியதை அடித்துவிடவும்.

சந்திரகலாதான் வழி சொன்னாள்: “நைனா, பெயிண்ட் பக்கெட்ல மண்ணு கொட்டி மாடியில நட்டுக்கலாம். என் கல்யாணம், எனக்கு ஓகே.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐயரும் சரி என்றார். ஏழாம் தேதி வரும்போது பக்கெட்டுக்கு அரை மூட்டை எம்-சாண்ட் வாங்கி வரவும். கல் குவாரியில் போன வாரம் அரைத்ததாக இருக்க வேண்டும், பில்லில் தேதி இருக்க வேண்டும். தயவுசெய்து உங்கள் ஊர் மண்ணை மட்டும் கொண்டுவராதீர்கள்.