பல் தெரியும் அந்த உருவம் நானல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் மாத இதழை இதுவரை ஒரே ஒருமுறை படித்த வாசகன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அச்சகத்தாரும் நலமென்று நம்புகிறேன். நானும் நலமாகத்தான் இருந்தேன், சென்ற இதழ் வெளிவரும்வரை.

அதில் ஐந்தாறு ஓவியர்கள் தங்கள் சிறுவயதுப் படங்களைத் திரும்பிப் பார்ப்பதாக ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். அசல் படங்கள் காட்சிக்கூடத்தில் மாட்டப்பட்டிருப்பதாகவும் தகவல். மூன்றாவதாக வரும் ஓவியர் என் மகன். படம் அவன் ஆறு வயதில் போட்டது. ஒரு வீடு, வாசலில் வீட்டைவிட உயரமாக ஓர் உருவம், முகம் முழுக்கப் பல், முழங்காலைத் தாண்டித் தொங்கும் கை. ஜன்னலில் மட்டும் கொஞ்சம் மஞ்சள். ‘எங்கள் வீட்டில் நான் பயந்த ஒரே ஆள்’ என்று மட்டும்தான் என் மகன் சொல்லியிருக்கிறான். தங்கள் கட்டுரையாளர்தான் தன் பங்குக்கு, ‘அதிகாரமே வடிவாக வாசலை அடைத்து நிற்கும் தந்தை, ஜன்னலுக்குள் ஒடுங்கி ஒளிரும் தாய்’ என்று சேர்த்துவிட்டார்.

ஐயா, நான் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். அளவு என்று வந்துவிட்டால் சும்மா இருக்க முடியாது. அந்த வீட்டுக் கதவை ஆளுயரம் என்று கொண்டால், அந்த உருவம் இரண்டு மாடி வருகிறது. நான் மேல் அலமாரியில் டப்பா எடுக்க ஸ்டூல் போடுகிறவன். மேலும் அந்த உருவத்துக்கு மீசை இல்லை. எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. மகனை நான் அடித்ததில்லை. அதட்டியதுகூட இல்லை, அதட்டவேண்டிய சமயங்களில் எல்லாம் நான் வெளியூரில் யாருடைய நிலத்தையாவது அளந்துகொண்டிருந்தேன்.

இதழ் வந்த வாரமே ஆரம்பித்துவிட்டது. என்னோடு லிஃப்டில் பேசிக்கொண்டே வரும் கீழ்வீட்டுப் பிள்ளைகள் இப்போது படியில் ஏறுகிறார்கள். முடிவெட்டுகிறவர், எப்போதும் தலையைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்புகிறவர், இந்தத் தடவை “சார், கொஞ்சம் திரும்பறீங்களா, இல்லன்னா நானே அந்தப் பக்கம் வந்துடறேன்” என்கிறார். என்னோடு வேலை பார்த்தவர் போன் செய்து, கோபம் வரும்போது நூறிலிருந்து தலைகீழாக எண்ணினால் நல்லது என்றார். எனக்குக் கோபமே வராது என்றேன். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்றார், அப்போது எனக்குக் கோபம் வந்தது. எதிர்வீட்டு டாக்டரம்மா என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, எந்த நேரமானாலும் கதவைத் தட்டலாம் என்று சொல்லியிருக்கிறார். இவளும் மறுக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

மனைவி என்றதும் சொல்லவேண்டும். அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, சட்டம் போட்டு ஹாலில் மாட்டிவிட்டாள். வருகிறவர்களிடம் எல்லாம் ஜன்னல் மஞ்சளைத் தொட்டுக்காட்டி, “இதுதான் நான்” என்கிறாள். பிள்ளை தன்னைப் பற்றி இப்படி நினைத்திருப்பான் என்று தெரியாமலே இத்தனை வருஷம் ஓடிவிட்டதாம். இதெல்லாம் அநியாயம் என்றேன்.

“புள்ள கண்ணுல பட்டதத்தான வரைவான்?” என்றாள்.

என் முகம் அப்படியா இருக்கிறது என்று கேட்டேன்.

“உங்க மூஞ்சிய நீங்க எங்க பாத்தீங்க? கண்ணாடி முன்னாடி நிக்கறப்ப ஒழுங்கா வச்சுக்குவீங்க. நாங்கல்ல மத்த நேரம் பாத்தோம்.”

இதற்குமேல் வீட்டில் பேசிப் பயனில்லை என்று, அளவு டேப்பை எடுத்துக்கொண்டு காட்சிக்கூடத்துக்கே போனேன். அச்சில் நீட்டியிருப்பீர்களோ என்ற சந்தேகம்தான். நீட்டவில்லை, அசலிலும் இரண்டு மாடிதான். கையை அளக்கலாம் என்று டேப்பை வைத்தபோது காவலாளி வந்து, தொடக்கூடாது என்றார்.

“இது நான்தாம்பா” என்றேன், அவசரத்தில்.

அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப இன்னும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றார். பக்கத்தில் நின்ற பெண் தன் குழந்தையை அந்தப் பக்கத்துக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

இதை மகனிடமே கேட்டுவிடலாமே என்று தாங்கள் நினைக்கலாம். பலமுறை போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். ஆமாம் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டால், அதற்கப்புறம் நான் என்ன செய்வது? இத்தனை வயதுக்குமேல் போய் அந்த ஆறு வயதுப் பிள்ளையை எங்கே தேடிச் சமாதானம் செய்வது? அதனால்தான் தங்களிடம் வந்தேன். அடுத்த இதழில் இரண்டே வரி: ‘அந்த உருவம் ஓவியரின் தந்தை அல்ல. வழிப்போக்கர் யாராவது இருக்கலாம்.’ அது போதும்.

தங்கள் இதழ் மேன்மேலும் பெருகட்டும். படங்களுக்குக் கீழே எழுதுகிறவர் மட்டும் சற்றுக் குறைத்துக்கொள்ளட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சிறியவர்களுக்கு ஆசிகள். படம் வரையும் பிள்ளை இருந்தால் இரட்டிப்பு ஆசி, ஒரு எச்சரிக்கைக்கு.

தங்கள் உண்மையுள்ள,
மூன்றாவது ஓவியரின் அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடும்போது மகன் போன் செய்தான். டேப்போடு ஒரு கிழவர் வந்ததாகக் காட்சிக்கூடத்தில் சொல்லியிருக்கிறார்கள். விஷயத்தைச் சொன்னேன். “அது நீங்க இல்லப்பா. அம்மா” என்றான்.

குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, “அப்ப நான் எங்கடா?” என்றேன்.

“ஜன்னல்ல மஞ்சளா இருக்கே, அது. ஊர்லேர்ந்து வந்தா நீங்க வெளிய தலையே காட்ட மாட்டீங்களேப்பா.”

உங்களுக்கு உடனே திருத்தம் அனுப்புவதாகச் சொல்கிறான். வந்தால் தயவுசெய்து போடாதீர்கள். மேலே உள்ளதையும் படிக்காததாகவே கொள்ளவும். புதிதாக எழுதியிருப்பேன், தாள் ஹாலில் இருக்கிறது, ஹாலில் அவளும் இருக்கிறாள், படத்து ஜன்னலைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டு. யார் கேட்டாலும் அந்த உருவம் நான்தான். அவசியமானால் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

சாப்பிடக் கூப்பிடுகிறாள். இரண்டாவது தரம் கூப்பிடும்படி நான் வைத்துக்கொள்வதில்லை.