எதிர்வீடு போன விலை

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. ஊரில் வீட்டு விலை விழுந்துவிட்டது என்று தரகர் சொன்னாலும், வங்கி மேலாளர் சொன்னாலும், முடி வெட்டுகிறவர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டுச் சொன்னாலும், அதெல்லாம் அடுத்தவன் வீட்டுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டு, தன் வீட்டை மட்டும் மூன்று வருஷத்துக்கு முந்தைய விலையிலேயே உட்கார வைத்திருக்கும் இனம். இவருக்கு 'இறங்காதவர்' என்று பெயர் வைக்கிறேன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். வாசலில் 'வீடு விற்பனைக்கு' என்று பலகை இருக்கிறதா பாருங்கள். எழுத்து வெயிலில் வெளிறிப்போய், அதன் மேலேயே மறுபடி பெயிண்ட் அடித்து எழுதியிருக்கிறதா? சந்தேகமே வேண்டாம். அவர்தான்.

யாரோ சொல்லிக் கேட்டு நான் இதை எழுதவில்லை. எங்கள் குடும்பத்திலேயே முதல் தரத்தில் ஒருவர் இருக்கிறார். என் அக்காவின் கணவர். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுகிறேன். அக்கா இப்போது எப்படிக் கூப்பிடுகிறாள் என்பது அச்சில் ஏறாது.

அக்காவின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஒரே மகள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து உண்டாகியிருந்தாள். படியேறக் கூடாது, பாத்திரம் தூக்கக் கூடாது, கவலைப்படக் கூடாது என்று டாக்டர் மூன்று கட்டளை போட்டிருந்தார். அந்த மூன்றாவதற்கு மட்டும் மாத்திரை எழுதித் தரவில்லை. அவள் வீட்டுக்குப் பக்கத்து வீடு விலைக்கு வந்தது. அந்த வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. "பிரசவம் வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன், உங்க வீட்டை வித்துட்டு வந்து வாங்கிக்குங்க" என்று சொல்லிவிட்டார். கேட்ட அன்றே அக்கா சாமான்களைப் பெட்டிகளில் கட்டினாள். அன்றே அத்தான் விலை சொன்னார். பெட்டிகளும் அசையவில்லை, விலையும் அசையவில்லை. தினமும் காலையில் அக்கா ஒரு பெட்டியைப் பிரித்து டீ வடிகட்டியை எடுப்பாள். டீ குடித்ததும் கழுவித் துடைத்து உள்ளே வைத்து மறுபடி கயிறு போடுவாள். இன்றைக்கு விற்றுவிடும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

அத்தான் சொன்ன விலை எங்கிருந்து வந்தது? எதிர்வீட்டிலிருந்து வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால், ஜனங்கள் வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமலேயே வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், எதிர்வீட்டுக்காரர் ஒரு விலைக்கு விற்றுவிட்டுப் போனார். போகும்போது கேட்டருகே நின்று அந்தத் தொகையை அத்தான் காதில் போட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து அத்தானுக்கு அதுதான் வேதவாக்கு. அங்கே இரண்டு அறை, இங்கே மூன்று. அங்கே மாடிக்கு இரும்புப் படி, இங்கே சிமெண்ட் படி. ஆகவே அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்துத்தான் தர முடியும். நியாயம்தானே? ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். அன்றைக்கு எதிர்வீட்டை வாங்கிய ஆளே அதை வாங்கியதில் முக்கால் விலைக்குத் தருவதாகப் பலகை மாட்டியிருந்தார். விலையைக் கொட்டை எழுத்தில் வேறு போட்டிருந்தார். அத்தான் வீட்டு ஜன்னலைத் திறந்தால் நேராகத் தெரியும்.

"அதைப் பார்த்தீங்களா அத்தான்?" என்றேன்.

"பார்த்தேன். பாவம், அவனுக்கு விக்கத் தெரியலை."

இறங்காதவரின் அகராதியே தனி. தக்காளி விலை விழுந்தால் அது சந்தை நிலவரம். வீட்டு விலை விழுந்தால் அது வதந்தி. யாராவது குறைத்துக் கேட்டால், அது பேரம் இல்லை, அவருடைய பரம்பரையையே கேவலப்படுத்தியது. கேட்டவன் போன பிறகும் இரண்டு நாள் அந்தத் தொகையைச் சொல்லிச் சொல்லிப் பொருமுவார். "எங்களுக்கு ஒண்ணும் அவசரமில்லை" என்பது அவருடைய பல்லவி. கூடத்தில் கட்டி வைத்த பதினான்கு பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டுதான் இதைச் சொல்வார். ஒருமுறை வீடு பார்க்க வந்தவர், நாற்காலிகளையும் கட்டி வைத்துவிட்டதால், ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டே இதைக் கேட்டார். பெட்டியையும் பார்த்தார், அத்தானையும் பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

அப்புறம், காற்று. எந்த இறங்காதவரும் காற்றைப் பற்றிப் பேசாமல் வீட்டைக் காட்ட மாட்டார். "ஃபேனே போட வேண்டாம் சார், அப்படி ஒரு காத்து!" அத்தான் வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு ஒன்றரை அடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர். காற்று வர வேண்டுமானால் குறுக்கே ஒருக்களித்துத்தான் வர வேண்டும். அதனால் ஆள் வரும் நாளில் ஒரு மேஜை விசிறியைக் கொண்டுபோய் அந்தச் சந்துக்குள் வைத்துவிடுவார். திரைச்சீலை ஜம்மென்று ஆடும். வந்தவர்கள் முகம் மலரும். ஒருநாள் நடுவில் மின்சாரம் போய், திரை தொப்பென்று விழுந்தது. "பார்த்தீங்களா," என்றார் அத்தான் கொஞ்சமும் அசராமல், "காத்து கூட ஓய்வு எடுத்துக்கும்."

இத்தனையும் செய்து வீடு விற்கவில்லையென்றால் சாதாரண மனிதன் என்ன செய்வான்? விலையைக் குறைப்பான். அத்தான் என்ன செய்தார்? வேவு பார்க்கக் கிளம்பினார். தலையில் தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் ஓர் அளக்கும் டேப். அடுத்த தெருவில் விற்பனைக்கு இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்குகிறவர் மாதிரிப் போய், சுவரைத் தட்டி, குழாயைத் திறந்து, விலை விசாரித்து, "வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றேன்" என்று திரும்பி வந்தார். யாரும் குறைக்கவில்லை என்று தெரிந்துகொண்டதில் அவருக்கு அப்படி ஒரு தெம்பு. அதே மாதம் அத்தான் வீட்டுக்கும் கூட்டம் வர ஆரம்பித்தது. தொப்பி போட்டவர்கள், டேப் வைத்திருந்தவர்கள், சுவரைத் தட்டுகிறவர்கள். எல்லாரும் வீட்டில் கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள்.

"ஒரு மாசத்துல பதினோரு பேர்!" என்று அத்தான் தரகரைக் கூப்பிட்டுச் சொன்னார். "சந்தை எழுந்துடுச்சு. விலையைக் கொஞ்சம் ஏத்தப் போறேன்."

தரகர் இருபது வருஷமாக இதே தொழிலில் இருப்பவர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "சார், அந்தப் பதினோரு பேர்ல பத்துப் பேரோட வீடு என்கிட்டதான் விற்பனைக்கு இருக்கு. நீங்க அவங்க வீட்டைப் பார்க்கிறீங்க, அவங்க உங்க வீட்டைப் பார்க்கிறாங்க."

"அந்தப் பதினோராவது ஆள்?"

"அவர் தண்ணி மீட்டர் பார்க்க வந்தவர் சார்."

அத்தான் விலையை ஏற்றினார். வேறென்ன செய்வார்?

பிரசவத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது உண்மையாகவே ஒருவர் வந்துவிட்டார். பல் டாக்டர். தெருவைப் பார்த்த முன்னறையைக் கிளினிக் ஆக்கிக்கொண்டு மாடியில் குடியிருக்கலாம் என்று அவருக்கு யோசனை. இது தெரிந்ததும் அத்தான் எனக்குப் போன் செய்தார்.

"நீ இன்னொரு பார்ட்டி மாதிரி வந்து உட்காரு. அவர் என்ன விலை சொன்னாலும் அதுக்கு மேல ஒண்ணு சொல்லு. போட்டி இருக்குன்னு தெரிஞ்சாதான் மதிப்பு."

"வேண்டாம் அத்தான். அவர் போயிட்டார்னா?"

"உனக்கு வியாபாரம் தெரியாது. ஃபைல் ஒண்ணு கொண்டு வா."

போனேன். மடியில் என் பழைய மருத்துவ ரிப்போர்ட் ஃபைலோடு, அந்த வீட்டை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறவன் மாதிரி கூரையை அண்ணாந்து பார்த்தபடி ஒரு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். டாக்டர் நிதானமான மனிதர். சுவரில் விரிசலைப் பார்த்தார், பல்லைப் பார்க்கிற மாதிரி விரலால் தடவினார், சரி பண்ணிக்கொள்ளலாம் என்றார். அப்புறம் ஒரு தொகை சொன்னார். எதிர்வீட்டுப் பலகையில் இருந்ததைவிட நன்றாகவே அதிகம். மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டை வாங்க அது தாராளமாகப் போதும். சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்த அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டதை நான் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. அத்தானையும் பார்த்தேன். புருவத்தை உயர்த்தி, 'ம், சொல்லு' என்று ஜாடை காட்டினார். என் புத்தி எங்கே போனதோ, சொல்லிவிட்டேன். ஒரு பெரிய தொகை.

டாக்டர் என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். "என்னால முடிஞ்சது அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்கேன், யோசிச்சுச் சொல்லுங்க" என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் அக்கா ஓடி வந்தாள். "உடனே போன் பண்ணிச் சரின்னு சொல்லுங்க!"

"எப்படிச் சொல்றது? அதைவிட அதிகமா ஒரு பார்ட்டி கேட்டிருக்கே," என்றார் அத்தான்.

"எந்தப் பார்ட்டி?"

அத்தான் என்னைக் காட்டினார்.

"அத்தான், நீங்க சொல்லச் சொல்லித்தானே நான் சொன்னேன்?"

"நான்தான் சொல்லிக் குடுத்தேன், இல்லேங்கலை. ஆனா நீ சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்தேன். ஆசையோட சொன்னே. மனசுல இல்லாதது வாயில வருமா?"

"என்கிட்ட ஏது அவ்வளவு பணம்?"

"அது வேற விஷயம். வீட்டுக்கு மதிப்பு இருக்கா இல்லையா? நாலு பேர் முன்னாடி ஒருத்தன் கேட்ட விலை. அதுக்குக் கீழே குடுத்தா நாளைக்கு எனக்குத் தூக்கம் வருமா?"

அன்று அக்கா அவரோடு சண்டை போட்டாள், கெஞ்சினாள், கடைசியில் அழுதாள். நானும் காலில் விழாத குறையாகச் சொல்லிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை டாக்டர் போன் செய்தபோது, "மன்னிக்கணும், வேற ஒருத்தர் உங்களைவிட அதிகம் கேட்டிருக்கார்" என்றார் அத்தான். டாக்டர் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பலகை இறங்கியது. அந்த இடத்தில் பெரிதாக ஒரு வெள்ளைப் பல் ஏறியது. டாக்டர் எதிர்வீட்டை முக்கால் விலைக்கு முடித்துவிட்டார். அத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தொங்கிவிடும் என்று பயந்தேன். மனிதர் பூரித்துப்போய்த் திரும்பினார். "தெருவுக்கே டாக்டர் வந்துட்டார் பார்! இனிமே நம்ம வீட்டு விலை எங்கே போகுது பாரு."

மறுநாள் காலை அக்கா டீ போட்டாள், வடிகட்டியைக் கழுவிப் பெட்டியில் வைத்தாள், அந்தப் பெட்டியையும் இன்னொன்றையும் எடுத்துக்கொண்டு என்னோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். "நீங்க வித்துட்டு வாங்க" என்பதைத் தவிர அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அத்தான் தூளோடு டீ குடிக்கிறார். மகள் வீட்டில் இருப்பதே ஒரு படுக்கையறை. அக்கா கூடத்தில் சோபாவில் படுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரம்மா சொன்ன வார்த்தைப்படி பிரசவம் வரைக்கும் காத்திருந்தார். அதற்கு மேல் அவர் என்ன செய்வார்? வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்.

பெண் குழந்தை பிறந்தது. அக்கா வீடியோவில் கூப்பிட்டு, துணியில் சுற்றிய முகத்தைக் காட்டி, "தாத்தாவைப் பாருடி" என்றாள். நான் அத்தான் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு போனைத் திருப்பி, அந்தக் காலி வீட்டைச் சுற்றிக் காட்ட ஆரம்பித்தார். "இது கூடம். இது தேக்கு அலமாரி. இந்த ஜன்னல்ல பாரும்மா, அப்படி ஒரு காத்து…" பிறந்து ஒரு நாள் ஆன குழந்தைக்கு. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் அங்கே நிற்க முடியவில்லை.

"கிளம்புங்க அத்தான், ராத்திரி வண்டிக்கே டிக்கெட் எடுக்கறேன்" என்றேன்.

"இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பார்ட்டி வருது. அது முடிஞ்சதும் போறேன்."

அந்தப் பார்ட்டி யாரென்று எனக்குத் தெரியும். அடுத்த தெருவில் பச்சை கேட் வீட்டுக்காரர். ஐந்தாவது முறையாக வருகிறார்.

குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். தவழ்கிறதாம். அத்தான் அதை இன்னும் கையில் தூக்கவில்லை.

நீங்கள் சிரித்திருப்பீர்கள். நான் அப்படியெல்லாம் இல்லை சார், நாலும் தெரிந்தவன் என்பீர்கள். சந்தோஷம். ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிட்டு நான் நடையைக் கட்டுகிறேன். உங்கள் வீடு இன்று என்ன விலை போகும்? பார்த்தீர்களா, நான் கேட்டு முடிப்பதற்குள் உங்கள் மனதில் ஒரு தொகை வந்து கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டது. அது எந்த வருஷத்துத் தொகை? அதைக் கேட்டது யார்? அந்தத் தொகை வந்து சேரும்வரை எதுவும் பேச வேண்டாம் என்று உங்கள் வீட்டில் யாராவது வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறார்களா? எதற்கும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.