அண்ணாச்சி நெஞ்சில் ஒட்டிய சார்ட்

ஒரு கேள்வி. மேற்கிலிருந்து ஒரு காற்று, கிழக்கிலிருந்து ஒரு காற்று. இரண்டுக்கும் ஒரே பலம். நடுவில் ஒரு காகிதம். அது எந்தப் பக்கம் போகும்?

‘எந்தப் பக்கமும் போகாது’ என்று பத்திரிகையின் சிறுவர் பக்கத்தில் விடை எழுதியவன் நான். போன சனிக்கிழமை அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

வேலை சின்னது. பக்கத்து வீட்டு ஆயிஷா நாலாம் வகுப்பு. குற்றாலத்தில் இருக்கிற அவள் பள்ளிக்கூடத்தில் பத்து மணிக்குக் கண்காட்சி. இரண்டு நாள் குனிந்த தலை நிமிராமல், ஸ்கெட்ச் பேனாவால் காற்றைப் பற்றி ஒரு சார்ட் வரைந்திருந்தாள். அவளையும் சார்ட்டையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

“சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுருதேன் அண்ணே” என்றாள் அவள் அம்மா.

“சுருட்டுனா மடிப்பு விழும்மா. விரிச்ச மேனிக்கே கொண்டு போகணும்.”

முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் புத்தி சொன்ன வாய். சும்மா இருக்குமா?

குற்றாலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் மேற்கிலிருந்து கணவாய்க் காற்று முகத்தில் அறைந்தது. சீசன் காற்று! சார்ட் பாய்மரமாகிவிட்டது. நான் படகு.

“மாமா, சுருட்டிருவமா?”

“பேசாம வா.”

பின்னால், தென்காசிப் பக்கமிருந்து, ஒரு டூரிஸ்ட் பஸ் பறந்து வந்தது. என் மூளை வேலை செய்தது.

“இங்கன நில்லு. பஸ் காத்தும் மேகாத்தும் மோதிக்கிடும். நாம அசையவே மாட்டோம், பாரு!”

மோதின. சார்ட் ஒரு சுற்றுச் சுற்றியது. விடாமல் பிடித்திருந்ததால் நானும் சுற்றினேன்.

மசாஜ் கடையிலிருந்து, முன்னும் பின்னும் எண்ணெய் வழிய, இடுப்பில் துண்டோடு ஒரு பெரிய அண்ணாச்சி அருவிக்கு விரைந்துகொண்டிருந்தார்.

பச்சக்!

சார்ட்டின் வலது பாதி அவர் நெஞ்சில் அப்பிக்கொண்டது.

“என்னவே! நானே வழுக்கிட்டு வாரேன். என் மேல நோட்டீஸ் ஒட்டுதீரு!”

மசாஜ் கடைக்காரர் ஓடி வந்தார். “அரைமணி நேரம் தேய்ச்ச எண்ணெய் அண்ணாச்சி! பூராத்தையும் அட்டை குடிச்சிட்டு!”

ஓரத்திலிருந்து மெதுவாக உரித்தெடுத்தோம். ஆயிஷா அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மணி ஒன்பதே முக்கால்.

சரியாக அப்போது சாரல் விழுந்தது. ஓடிப்போய் மசாஜ் கடைக்குள் ஒதுங்கினோம். அண்ணாச்சியும் ஒதுங்கினார்.

“குளிக்கத்தான போறீய, நனைஞ்சா என்ன?” என்றேன்.

“மிச்ச எண்ணெயாவது உடம்புல இருக்கட்டும்வே.”

சார்ட்டைப் பார்த்தேன். இடது பாதியில் ஒரு நீல அம்பு கரைந்து ஒழுகியிருந்தது. எண்ணெய் குடித்த பாதியில் மட்டும் துளிகள் உருண்டு கீழே விழுந்தன. ஒரு கோடுகூடக் கலையவில்லை!

“இதுக்குக் காரணம் என்னன்னா...” என்று தொடங்கினேன்.

“மாமா, மணி ஆகுது.”

“சரி. சாரல் விடுதவரைக்கும் இங்கன நிப்போம். இல்ல, நான் போயி பிளாஸ்டிக் தாள் தேடிட்டு வாரேன். எது வேணும், நீயே சொல்லு.”

ஆயிஷா அண்ணாச்சியைத் திரும்பி நிற்கச் சொல்லி, மீதிப் பாதியை எண்ணெய் வழிந்த அவர் முதுகில் ஒட்டினாள்.