அம்புக்குறியும் ஸ்ரீரங்கத்து ஊஞ்சலும்

திருச்சியில் அசையாமல் நிற்கும் எதையும் நம்பாத ஒரே ஆள் அம்புக்குறிதான். ஒருநாள் மலைக்கோட்டையையே அவன் தலையைச் சாய்த்துச் சந்தேகமாகப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் தெப்பக்குளம் பக்கத்து லாட்ஜ் ஒன்றில் நானும் அவனும் ஒரே அறை. அவனுக்கு ஒரு பட்டறையின் டிராயிங் ஆபீஸில் வேலை. சட்டைப்பையில் எப்போதும் சாக்கட்டி இருக்கும். எந்தப் பொருளைக் கண்டாலும் மனசுக்குள் அதைத் தனியாகப் பிரித்துத் தரையில் ஒரு வட்டமாக வரைவான். அதை யார் தள்ளுகிறார்கள், யார் இழுக்கிறார்கள், யார் தாங்குகிறார்கள் என்று சுற்றிலும் அம்பு போடுவான். "எல்லா அம்பும் சேர்ந்து சரிக்குச் சரியாப் போச்சுன்னா சும்மா நிக்கும்டா. இல்லேன்னா எங்கேயாவது கிளம்பிடும்" என்பான். என் செருப்புக்குக்கூட அறையில் படம் இருந்தது. அதனால்தான் லாட்ஜில் எல்லோருக்கும் அவன் அம்புக்குறி.

ஒருமுறை காந்தி மார்க்கெட்டில், தொட்டியத்திலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த வண்டியை மறித்தான். "பின்னாடி பாரம் ஜாஸ்தி. அச்சுலேருந்து எவ்வளவு தள்ளி வைக்கறீங்களோ, அவ்வளவுக்கு மாட்டைத் தூக்கும்" என்றான்.

"மாடு எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்களே" என்றார் வண்டிக்காரர்.

பத்தடி போவதற்குள் நுகத்தடி மேலே எழும்பியது. மாடு முன்னங்கால் தரையில் படாமல் எங்களைப் பரிதாபமாகப் பார்த்தது. நாங்கள் இரண்டு பேரும் நுகத்தடியில் தொங்கித்தான் அதை இறக்கினோம்.

இத்தனை அறிவும் கல்யாண விஷயத்தில் செல்லவில்லை. ஏழு வீட்டில் பெண் பார்த்து, ஏழிலும் எதற்காவது அம்பு போட்டுவிட்டு வந்திருந்தான். ஒரு வீட்டில் பெண்ணின் மாமாவுக்கே போட்டான். எட்டாவதாக ஸ்ரீரங்கத்தில் ஓர் இடம் வந்தது. "இதுவும் தட்டிப்போனா இனிமே நான் பொண்ணு தேடறதா இல்லை" என்று கும்பகோணத்திலிருந்து அவன் அம்மா கடிதம் எழுதிவிட்டாள். அவளுக்குக் காய்ச்சல் என்பதால் துணைக்கு நான் போனேன். கிளம்பும்போதே சாக்கட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன்.

பெண்ணின் அப்பா கூடத்து ஊஞ்சலைக் காட்டி, "உக்காருங்கோ மாப்பிள்ளை" என்றார். மாப்பிள்ளை என்றே சொல்லிவிட்டாரே என்று நான் குளிர்ந்துபோனேன். இந்தப் பாவி மேலே பார்த்தான்.

"பலகை புதுசா மாமா?"

"ஆமா, பழசைக் கரையான் அரிச்சுடுத்து. ஆசாரி கொஞ்சம் குட்டையாப் போட்டுட்டான்."

"கொக்கி ரெண்டும் பழைய இடத்துலேயே இருக்கே. சங்கிலி சாயறது பாருங்கோ. நேராத் தொங்கினா ஒவ்வொரு பக்கமும் பாதி பாரம். சாய்ஞ்சா பாதிக்கு மேலே போயிடும். கொக்கியைப் பக்கவாட்டுலேயும் இழுக்கும்."

சொல்லிக்கொண்டே கையில் கொடுத்திருந்த காபியில் விரலைத் தோய்த்துத் தரையில் வட்டம் போட ஆரம்பித்தான். பெரியவர் முகம் சிவந்துவிட்டது.

"நான் தினம் ஆடற ஊஞ்சல். உக்காரப் பயமா இருந்தா, வாசல் திறந்துதான் இருக்கு" என்றார்.

போச்சு, எட்டாவதும் போச்சு. அவன் அம்மாவை நினைத்தால் எனக்கே அழுகை வந்தது. "பயமெல்லாம் இல்லீங்க, விளையாட்டுக்குச் சொல்றான்" என்று சிரித்துக்கொண்டே பஜ்ஜித் தட்டோடு நான் போய் ஊஞ்சலில் உட்கார்ந்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆர்வக்கோளாறில் காலை ஊன்றி ஓர் உந்து உந்தினேன்.

இடது பக்கக் கொக்கி கழன்றது. நான் ஒரு பக்கமும் பஜ்ஜி ஒரு பக்கமுமாகக் கிடந்தோம்.

சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பெண் கோமளா ஓடி வந்தாள். "ஒரு மாசமா இதைத்தானேப்பா சொல்றேன், சங்கிலி சாயறதுன்னு. காதுல போட்டுண்டேளா?" என்றாள். பிறகு காபி வட்டத்தின் அருகே குனிந்து, "இந்த அம்பு எதுக்கு?" என்று அவனைக் கேட்டாள். அவன் சொன்னான். அவள் அடுத்த அம்பைக் கேட்டாள். என்னைத் தூக்கிவிட வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. கடைசியில் பெரியவர்தான் கை கொடுத்தார்.

"முகூர்த்தத்துக்குள்ளே கொக்கியை மாத்திடறேன்" என்றார், என் வேட்டியைத் தட்டிவிட்டபடி.

கல்யாணப் பத்திரிகையை அவனே கொண்டுவந்து கொடுத்தான். பின்பக்கம் ஒரு வட்டம், அதற்குள் 'நான்' என்று தன்னை எழுதியிருந்தான். கீழே இழுக்கும் அம்பில் 'என் பாரம்'. அடியிலிருந்து தாங்கும் ஒரே அம்பில் என் பெயர்.

மழை நாட்களில் இடுப்பு வலிக்கும்போது அந்தப் பத்திரிகையை எடுத்துத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.