விதைநெல் எல்லாம் மிதந்த வருஷம்

மகாராஜராஜஸ்ரீ மாப்பிள்ளை தட்சணாமூர்த்தி அவர்களுக்கு, மரக்காணம் மாமனார் நடராசன் கைநாட்டு வைத்து அனுப்பும் கடிதம். இவ்விடம் உப்பு அமோகமாக விளைகிறது, அதனால் நெல்லுக்குத்தான் நலம் போதாது. அவ்விடம் தங்கள் சுகமும், மகள் அம்சவள்ளி சுகமும், கறவை மாட்டின் சுகமும் அறிய ஆவல். நான் சொல்லச் சொல்ல உப்பளத்துக் கணக்கப்பிள்ளை எழுதுகிறார். பிழை இருந்தால் அவருடையது.

அம்சவள்ளி திண்டிவனத்தில் நடக்கப்போகும் விவசாயப் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், அங்கேயே தங்க வேண்டுமாம், மாமா சொல்வதுதான் முடிவு என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம் மாப்பிள்ளை. எங்கள் வீட்டுக்கும் ஒரு தடவை பயிற்சி வந்து போனது. சாராயக்கடையை அரசாங்கமே திறந்துவிட்ட ஆவணி மாசம் அது. அந்த வருஷக் கடைசியில்தான் பங்களாதேசத்துக்காகச் சண்டை நடந்து ரேடியோ இருந்த வீட்டிலெல்லாம் கூட்டம் கூடியது. அந்த ஆவணியில் தனக்கோடி என்று ஒரு கிராமசேவகர், ஒல்லிப்பிள்ளை, சைக்கிளில் வந்து பள்ளிக்கூடத்தில் வகுப்பு வைத்தார். என் அண்ணன் ஆதிமூலம் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார், அவரோடு இன்னும் நாலு ஆம்பிளைகள். ஆளுக்கு ஒரு மூட்டை புது ரக விதைநெல் இனாம். தண்ணீரில் உப்பைக் கரைத்து விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும், நல்ல விதை முழுகும், மிதந்ததைத் தள்ளிவிட்டு முழுகினதை நல்ல தண்ணீரில் அலசி முளைகட்டுங்கள் என்றார் தனக்கோடி. அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏம்பா, மரக்காணத்துக்காரனுக்கே உப்பு கரைக்கச் சொல்லித் தர்றியா? எங்க ஊர்ல கொழந்த அழுதாலே நீ சொல்ற பதம் வந்துடும்பா!"

மறுநாள் தனக்கோடி ஆபீசு வேலையாகப் போயிருந்தார். ஐந்து பேரும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு நான் வேலை செய்த உப்பளத்துக்கே வந்துவிட்டார்கள். வீட்டில் உப்பை வீணாக்குவானேன், இங்கே பாத்தியில் உப்புப் பூக்கத் தயாராகத் தண்ணீர் நிற்கிறதே என்பது அண்ணன் யோசனை. பதம் பார்க்க ஒரு கோழிமுட்டையைப் போட்டார்கள். அது மூழ்குவேனா என்று மல்லாந்து படுத்துக்கொண்டது. "பார்றா, நம்ம தண்ணியோட சக்திய!" என்றார் அண்ணன். விதையைக் கொட்டினார்கள். மிதந்தது. அடுத்த மூட்டை, அதுவும் மிதந்தது. ஒரு நெல்மணிகூட முழுகவில்லை மாப்பிள்ளை. அத்தனையும் பதர் என்று தீர்ப்பாகி, அள்ளிக்கொண்டு போய் வாத்துக்குக் கொட்டிவிட்டார்கள். அந்த வாத்துகள் அன்றைக்குக் குடித்த தண்ணீருக்கு ஏரி தாங்கியதே பெரிது.

தனக்கோடி திரும்பி வந்து, "வெத எங்கய்யா?" என்றார். அண்ணன் அவர் தோளைத் தட்டி, "பூராவும் கருக்கா தம்பி, வெறும் பதரு. உன்னியவே ஏமாத்தி அனுப்பிட்டாங்க, பாவம்" என்று ஆறுதல் சொன்னார். எந்தத் தண்ணீர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் அந்தப் பிள்ளை சைக்கிளை அப்படியே விட்டுவிட்டது, அது விழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கல்லும் முழுகாத தண்ணீரில் நெல் எங்கே முழுகும்? அவரை எங்கோ தூர ஜில்லாவுக்குத் தூக்கியடித்தார்கள், அங்கே மஞ்சக்காமாலையில் போய்ச் சேர்ந்தார் என்று கேள்வி. அந்தப் பட்டம் அண்ணன் நிலம் தரிசு. மறுபடி உப்பு வாரத்தான் வந்தார். சாகிறவரைக்கும் முட்டை என்று யார் பேச்செடுத்தாலும் பந்தியை விட்டே எழுந்துவிடுவார். போன பெரும்புயலுக்கு முந்தின மாசம் அவரும் போனார். கூடப் போன நாலு பேரும் இப்போது இல்லை. நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆனால் யாரைக் குற்றம் சொல்ல? அது தப்பு என்று அந்த நேரத்தில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. ஆகையால் பயிற்சி நமக்கு ஆகாது. அதுவும் பெண்பிள்ளை, பத்து நாள் வெளியூரில் எதற்கு?

வயலும் வயிறும் நிறைந்து, மாடு ஈன்று, நீங்கள் இருவரும் நெடுங்காலம் வாழ எல்லையம்மனை வேண்டும்,
நடராசன்.

பின்குறிப்பு: கணக்கப்பிள்ளை இதை உரக்கப் படித்துக் காட்டியது வினையாகிவிட்டது. மீன் அரிந்துகொண்டிருந்த அண்ணி கையைக்கூடக் கழுவாமல் வந்து நின்றார்.

"ஏன் கொழுந்தனாரே, வாத்து தண்ணி குடிச்சது வரைக்கும் ஞாபகம் இருக்குது, நான் சொன்னது மட்டும் மறந்துபோச்சா? அவருக்குக் கஞ்சி எடுத்துக்கினு போயி, பள்ளிக்கூடத்து வாசப்படியில நின்னு பூராத்தையும் கேட்டவ நான். முட்ட நாலணா அகலந்தான் வெளியத் தெரியணும்னு சொன்னாரு அந்தப் புள்ள. உப்பளத்துல முட்ட மல்லாந்து கெடக்குது, நல்ல தண்ணி ஊத்தி எளக்குங்கன்னு எத்தினி தபா கத்தனேன்? உங்க அண்ணன் என்னா சொன்னாரு?"

'நீ போய்க் கொழம்புக்கு உப்புப் போடு' என்றார் அண்ணன், மாப்பிள்ளை. நானும் அங்கே உப்பளத்தில்தான் நின்றேன்.

"வெத ஊற வெக்கறது, மொள கட்டறது, நடறது எல்லாம் நாங்க. கத்துக்கப் போறது மட்டும் மீசையா?"

இதற்குக் கணக்கப்பிள்ளையும் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். யோசித்தால், அன்று உள்ளே உட்கார்ந்த ஐந்து பேரில் ஒருத்தர்கூட அதற்குமுன் விதை நனைத்தவர் இல்லை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்ததாக வைத்துக்கொள்ளவும். வேறு இன்லண்டு கடிதத்தாள் வாங்கித் தர முடியாது என்கிறார் கணக்கப்பிள்ளை. அம்சவள்ளியை அவசியம் அனுப்பவும். அண்ணியும் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்துவிடுவார், இந்தத் தடவை உள்ளே உட்காருவாராம். இடமில்லை, வயசாகிவிட்டது என்று யாராவது தடுத்தால் சொல்லிவிடுங்கள்: தனக்கோடி நடத்திய பாடத்தைக் காதால் கேட்டவர்களில் இன்று உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தர்தான், எங்கள் அண்ணி திரௌபதி.