செயலாளர் வீட்டிலிருந்து முதல் மரம்

என் மனைவியின் அலமாரியை ஒழித்துக்கட்டுவது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை முடிவெடுத்தேன். முழங்காலைத் தடவிக்கொண்டே எடுத்த முடிவு.

அந்த அலமாரி கல்யாணத்தின்போது அவளோடு வந்தது. அவளைவிடக் கனம் அதிகம், பிடிவாதம் சற்றுக் குறைவு. அதற்கு எதிரே என் சாய்வு நாற்காலி. அலமாரிக் கதவைத் திறந்தால் நேராக வந்து என் முழங்காலில் இடிக்கும். அவள் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முறை திறப்பாள். பதினோரு வருடம். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நாற்காலியை நகர்த்தலாமே என்பீர்கள். அது சாதாரண நாற்காலியா? கெட்டி மரம். பெயிண்ட் கிடையாது, வார்னிஷ் கிடையாது, ஒரு ஆணிகூடக் கிடையாது, எல்லாம் மரமுளை. பின்கால் ஒன்று பிளந்து கயிறு கட்டியிருக்கிறது, அது வேறு விஷயம். வீட்டுக்கு யார் வந்தாலும் இதன் பெருமையைச் சொல்லாமல் நான் அனுப்பியதில்லை. தபால்காரர் இப்போதெல்லாம் வாசலிலேயே கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்.

அலமாரியை ஒழிக்க எனக்கு ஒரு சங்கமே துணை இருந்தது. மர எரிபொருள் உற்பத்தியாளர் சங்கம். நான் அதன் செயலாளர். மரத்தூள், ஒடிந்த கிளை, உடைந்த சாமான் எதுவும் வீணாகாமல் எரிபொருளாகி ஆலைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்காக எந்தக் காடும் மொட்டையாகக் கூடாது. இதுதான் எங்கள் கொள்கை. இதற்கு நாற்பத்திரண்டு பக்கத்தில் விதிப்புத்தகம் எழுதியவன் நான்தான். எந்த மரம் வந்தாலும் சான்று வேண்டும்: எங்கிருந்து வந்தது, பெயிண்ட் உண்டா, ஆணி உண்டா, வேறு எதற்காவது பயன்படுமா. கீழே செயலாளர் கையெழுத்து. மில்காரர்கள் அவசரப்படுவார்கள் என்பதால் வெற்றுப் படிவங்களில் ஐம்பது கையெழுத்தை மொத்தமாகப் போட்டு வீட்டு மேசை இழுப்பறையில் வைத்திருப்பேன். இப்படிச் செய்பவரைப் பதவி நீக்க வேண்டும் என்கிறது ஒன்பதாம் விதி. அதை எழுதியவனும் நான்தான்.

"ஞாயித்துக்கிழமை தலைவர் வர்றார்," என்றேன் மனைவியிடம். "மரத்தைச் சில்லு சில்லாக்குற இயந்திரத்தோட. வீடு வீடாப் போய்க் கழிவு மரம் சேகரிக்கப் போறோம். முதல் மரம் நம்ம வீட்டுலேருந்து."

"நல்ல விஷயந்தான். நம்ம வீட்டுல கழிவு மரம் என்னங்க இருக்கு?"

நான் அலமாரியைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவள் பார்த்தாள்.

"அதுவா?"

"ஊருக்கு நாமதானே வழிகாட்டணும்."

"அதுல பச்சைப் பெயிண்ட் இருக்கே. பெயிண்ட் அடிச்ச மரம் ஆகாதுன்னு பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கீங்களே."

என் புத்தகத்தை முழுதாகப் படித்த ஒரே ஆள் இவள்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பெருமையாகவும் இருந்தது, வம்பாகவும் பட்டது.

"பழைய பெயிண்ட். பாதி உதிர்ந்துபோச்சு."

"கீல் இரும்பு, பூட்டு இரும்பு. இயந்திரத்தோட பல்லு போயிடாதா?"

"கழட்டிட்டாப் போச்சு."

"உள்ள இருக்கற துணியெல்லாம்?"

"அட்டைப்பெட்டி கொண்டுவர்றேன். நல்ல பெட்டி."

"உங்களுக்கு அது மேல அப்படி என்ன கோபம்?"

"முழங்கால்ல இடிக்குதுல்ல."

"அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? இடிக்கக் கூடாது, அவ்வளவுதானே. நான் பாத்துக்கறேன். நீங்க சங்கத்து வேலையைப் பாருங்க."

பதினோரு வருட அனுபவமுள்ள கணவன் அந்த இடத்தில் உஷாராகியிருக்க வேண்டும். நானோ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டை இஸ்திரி போட்டேன். அலமாரிக்கான சான்றையும் எழுதி இழுப்பறையில் மேலாக வைத்தேன். பெயிண்ட் இருக்கிறதா என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் கிறுக்கலாக எழுதினேன்.

ஞாயிறு காலை தெருவே வாசலில் கூடிவிட்டது. தலைவர் வந்தார். எதையும் மைக்கில் பேசுவதுபோலவே பேசுகிற மனிதர். பின்னால் வண்டியில் இயந்திரம்.

"செயலாளரே, சான்று எங்கே?"

நான் உள்ளே திரும்புவதற்குள் என் மனைவி ஒரு படிவத்தைப் பவ்யமாக அவர் கையில் கொடுத்தாள். அவர் தெருவுக்கே கேட்கும்படி படித்தார்.

"பொருள்: சாய்வு நாற்காலி ஒன்று. இருந்த இடம்: செயலாளர் வீட்டு முன்னறை. பெயிண்ட்: இல்லை. ஆணி: ஒன்றுகூட இல்லை, எல்லாம் மரமுளை. நிலை: பின்கால் பிளந்து கயிறு கட்டியது. வேறு பயன்: தூங்குவது. அது கட்டிலிலும் நன்றாகவே நடக்கிறது."

எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கீழே உங்க கையெழுத்து."

"தலைவரே, அது வந்து..."

"ஏங்க," என்றாள் மனைவி, பாலில் சர்க்கரை கரைவதுபோல. "படிச்சுப் பாத்துட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க," என்றார் தலைவர். "ஒன்பதாம் விதியை எழுதினவரே அவர்தான். படிக்காமப் போடுவாரா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பக்கம் நாற்காலி. இன்னொரு பக்கம் பதவி.

"படிச்சுத்தான் போட்டேன்," என்றேன்.

இரண்டு பேர் உள்ளே போய் நாற்காலியைத் தூக்கிவந்தார்கள். அரை நிமிடம். ஒரு மூட்டைச் சில்லு. "ஒரு ஆணிகூட இல்லைங்க, வெண்ணெய் மாதிரி உள்ளே போச்சு," என்றார் இயந்திரக்காரர். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த வாக்கியத்தை வேறொருவர் சொல்லிக் கேட்டேன்.

தலைவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "அடுத்தவன் வீட்டு விறகைப் பத்திப் பேச ஆயிரம் பேர் இருக்காங்க. தான் உட்கார்ற நாற்காலியையே கொடுத்த செயலாளர் நம்ம சங்கத்துல மட்டுந்தான் இருக்கார்." தெரு கைதட்டியது. தபால்காரர் எல்லாரையும்விட நீளமாகத் தட்டினார். பொய் சொல்வானேன், என் நெஞ்சு ஒரு சாண் அகன்றது. "சான்று எழுதினா இப்படி எழுதணும்," என்று தலைவர் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டபோது, அகலம் இரண்டு சாணாயிற்று. எழுதியது யார் என்று அவருக்கு நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆனால் இழுப்பறைச் சாவி அன்றைக்கே அவள் இடுப்புக்குப் போய்விட்டது.

கூட்டம் கலைந்ததும் அவள் முன்னறைக்கு வந்து அலமாரிக் கதவை அகலத் திறந்தாள். கதவு அரை வட்டம் சுற்றி வந்து, எதிலும் படாமல் நின்றது.

"பாருங்க, இப்ப முழங்கால்ல இடிக்குதா?"

"இல்லை," என்றேன், நின்றபடியே.