எண்பத்து மூன்று பேக்கேஜும் ஒரு கிரகப்பிரவேசமும்

இந்த ஞாயிற்றுக்கிழமை பூலாம்பாடிக்குப் போவதே இல்லை என்று ரஞ்சித்குமார் முடிவு செய்தான். அங்கே மச்சான் தங்கராசுவின், அதாவது மனைவி வேணியின் அண்ணனின், புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். போனால் விருந்து உண்டு, ஆனால் சாப்பிட விடமாட்டார்கள். கம்ப்யூட்டர் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று ஊரில் உள்ள செல்போன் அத்தனையும் மடியில் வந்து விழும். போன தடவை ஒரு மிக்ஸியும் வந்தது.

நல்லவேளையாகக் காரணம் கையில் இருந்தது. லினக்ஸ் என்ற கம்ப்யூட்டர் அமைப்பைப் பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து சம்பளமில்லாமல் உருவாக்குகிறார்கள். அதில் திரை, பூட்டு, கடிகாரம் என்று எண்பத்து மூன்று மென்பொருள் பேக்கேஜ்களைப் புதுசாக்கி ஒரே நாளில் வெளியே விடும் பொறுப்பு அரியலூர் ரஞ்சித்துக்கு. ஒன்று முந்தினாலும் பிந்தினாலும் திரை இருண்டுவிடும். கல்யாண வேனில் எல்லோரும் ஏறிய பிறகு ஒரு சித்தப்பா மட்டும் டீக்கடைக்குப் போவாரே, அந்தப் பாடுதான் மூன்று மாதமாக. ரஞ்சித் இந்த ஞாயிறு என்றே தேதி குறித்தான்.

"ஞாயித்துக்கெழம நான் நகர முடியாது வேணி. ஜெர்மனி, பிரேசில்னு அத்தன பேரும் என்னைய நம்பி இருக்காங்க."

"தள்ளிப் போடுங்க."

"என் இஷ்டத்துக்கு முடியாது. பெரிய கோளாறுன்னு யாராவது ஆதாரத்தோட புகார் குடுத்தாத்தான் நிக்கும்."

"யார் வேணாலும் குடுக்கலாங்களா?"

"யார் வேணாலும். அந்த விதிய எழுதுனதே நான்தான்."

வாயை அப்போதே மூடியிருக்கலாம்.

வேணி வீட்டு முன்னறையில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தருபவள். அவளுக்குத் தெரியாமல் அவள் கம்ப்யூட்டரில்தான் ரஞ்சித் புது பேக்கேஜ்களை ஏற்றிப் பார்த்திருந்தான். அன்று முதல், தமிழில் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை பூட்டிக்கொண்டால் எந்தப் பாஸ்வேர்டும் செல்லவில்லை. அணைத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சாதிச் சான்றிதழுக்காகச் செந்துறையிலிருந்து செங்கமலம் மூன்று தடவை வந்து போய்விட்டாள். மூன்று தடவையும் ரஞ்சித் சொன்னது, "தானா சரியாயிடும்."

சனிக்கிழமை காலை லினக்ஸ் குழுவுக்கு ஒரு புகார் வந்தது. நான்கு படங்கள், எத்தனை மணிக்குப் பூட்டியது என்ற விவரம், கீழே விதியின் எண். அனுப்பியவர் வேணி, அரியலூர். இவ்வளவு தெளிவான புகாரைப் பார்த்ததே இல்லை என்று ஜெர்மன்காரர் நெகிழ்ந்துபோனார். சாயங்காலத்துக்குள் எண்பத்து மூன்றையும் இரண்டு வாரத்துக்கு நிறுத்திவிட்டார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டான். அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

"மூணு வாட்டி சொன்னேங்க. எட்டரைக்கு பஸ்ஸு, சட்டைய எடுத்து வைங்க."

மறுநாள் பஸ்ஸில் போகும்போது ரஞ்சித்தின் செல்போனுக்குக் குழுவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இப்படிக் கவனமான ஆள் கிடைப்பது அரிது. இனி வேணி சரி என்று சொன்னால்தான் எதுவும் வெளியே போகும். ஒருங்கிணைப்பாளர் ரஞ்சித் இதற்கு ஒப்புதல் தர வேண்டும்.

ஜன்னலோரம் வேணி உட்கார்ந்திருந்தாள். ரஞ்சித் நின்றபடியே ஒப்புதல் தந்தான்.